'அடிச்சாரா?' என்று கேட்கிற வக்கீலிடம் என்ன சொல்வது?

வாசகர் கேள்வி – வக்கீலம்மா பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் நிறைய, ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் இருக்கின்றன: இந்து திருமணச் சட்டத்தின் கீழ் 'கொடுமை' என்று காரணம் காட்டி விவாகரத்து கேட்பது. அதனால் மற்ற கேள்விகளை (பட்டா மாறுதல் பற்றிக் கேட்ட ஐயா, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்) அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். பெயர்கள் இல்லை, ஊர்களையும் மாற்றியிருக்கிறோம்.

வாசகி, தஞ்சாவூர்: கல்யாணமாகிப் பதினொரு வருஷம். அவர் ஒரு நாளும் என்மேல் கை வைத்ததில்லை. ஆனால் மாதக்கணக்கில் பேச மாட்டார். செலவுக்குக் காசை டிவி மேல் வைத்துவிட்டுப் போவார். எதுவானாலும் பையனிடம் 'உங்க அம்மாகிட்ட சொல்லு' என்பார். சொந்தக்காரர்கள் வந்தால் என் படிப்பையும் என் அப்பாவையும் வைத்துக் கேலி. ஒரு வக்கீலைப் பார்த்தேன். 'அடிச்சாரா, குடிக்கிறாரா, வேற தொடர்பு இருக்கா?' என்று கேட்டார். மூன்றுக்கும் இல்லை என்றதும் 'கேஸ் நிக்காதும்மா' என்று அனுப்பிவிட்டார். அப்படித்தானா?

அப்படி இல்லை சகோதரி. அவர் கேட்ட கேள்விகளுக்கு வயது ஐம்பதாகிறது.

1955-ல் இந்து திருமணச் சட்டம் வந்தபோது, கொடுமை என்பது விவாகரத்துக்கான காரணமாகவே இல்லை. பிரிந்து வாழ மட்டும் அனுமதி கேட்கலாம், அதற்கும் 'இவரோடு சேர்ந்திருந்தால் எனக்குத் தீங்கு வரும்' என்ற நியாயமான பயம் இருப்பதைக் காட்ட வேண்டும். 1976-ல் சட்டத்தைத் திருத்தியபோதுதான் 13(1)(ஐ-ஏ) என்ற உட்பிரிவைச் சேர்த்தார்கள். திருமணத்துக்குப் பிறகு மனுதாரரைக் கொடுமையாக நடத்தியிருந்தால் விவாகரத்து கேட்கலாம் என்கிறது அது, அவ்வளவுதான். பயம், ஆபத்து என்ற பேச்சே அதில் கிடையாது. எது கொடுமை என்ற விளக்கமும் கிடையாது. விளக்கம் இல்லாமல் விட்டது நல்லதாகவே போயிற்று என்பது என் கருத்து, ஏனென்றால் பட்டியல் போட்டிருந்தால் உங்கள் வீட்டு டிவி மேல் வைக்கிற காசு எந்தப் பட்டியலிலும் வந்திருக்காது.

2007-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்த சமர் கோஷ் வழக்கை உங்கள் அடுத்த வக்கீலுக்கு நினைவூட்டுங்கள். கணவன், மனைவி இரண்டு பேருமே ஐ.ஏ.எஸ். அதிகாரிகள். அங்கே அடிதடி எதுவும் இல்லை. அந்த அம்மா தனக்கு மட்டும் சமைத்துக்கொண்டார், கணவருக்கு இதய அறுவை சிகிச்சை நடந்தபோதும் போய்ப் பார்க்கவில்லை, பதினாறு வருஷத்துக்கும் மேலாக இருவரும் தனித்தனியாக இருந்தார்கள். இது மனரீதியான கொடுமை என்று சொன்ன நீதிமன்றம், எவையெல்லாம் அப்படி ஆகலாம் என்று பதினான்கு உதாரணங்களையும் எழுதி வைத்தது. வெறும் பாசக்குறைவோ ஒட்டாத தன்மையோ மட்டும் கொடுமை ஆகாது, ஆனால் அடிக்கடி மரியாதையில்லாத பேச்சும் அலட்சியமும் புறக்கணிப்பும் சேர்ந்து, சேர்ந்து வாழவே முடியாது என்கிற அளவுக்குப் போனால் அது கொடுமைதான் என்பதும் அதில் வருகிறது. அன்றாட வாழ்க்கையில் எல்லா வீட்டிலும் நடக்கிற உரசல் போதாது, எங்கோ எப்போதோ நடந்த ஒன்றிரண்டு சம்பவமும் போதாது, மண வாழ்க்கை முழுவதையும் சேர்த்து எடைபோட வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார்கள்.

ஆகவே உங்கள் வழக்கு நிற்குமா நிற்காதா என்பது 'அடிச்சாரா' என்பதில் இல்லை. எத்தனை காலம், எவ்வளவு தொடர்ச்சியாக, அதனால் உங்களுக்கு என்ன ஆயிற்று என்பதில் இருக்கிறது. இங்கேதான் நம் மனுக்கள் கோட்டை விடுகின்றன. 'சொல்லொணாக் கொடுமை செய்தார்', 'உடலாலும் மனதாலும் சித்திரவதை செய்தார்' என்று ஒரே வாசகம், ஆள் பெயர் மட்டும் மாறி, கோர்ட்டு கோர்ட்டாகச் சுற்றுகிறது. நீதிபதி அதைப் படித்துப் படித்துச் சலித்திருப்பார். நீங்கள் அப்படி எழுத வேண்டாம். எந்த வருஷம் தீபாவளியிலிருந்து எந்தப் பொங்கல் வரை பேசவில்லை, யார் வீட்டுக் காதுகுத்தில் யார் யார் முன்னால் உங்கள் அப்பாவை என்ன சொன்னார், பள்ளிக்கூடக் கட்டணத்தைப் பற்றிக்கூடப் பையன் வழியாகத்தான் பேச வேண்டியிருந்தது என்பதையெல்லாம் தேதி தெரிந்தால் தேதியோடு, தெரியாவிட்டால் மாதத்தோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். 'கொடுமை' என்ற சொல்லையே பயன்படுத்தாமல் எழுதிப் பாருங்கள். எழுதி முடித்ததை முன்பின் தெரியாத ஒருவர் படித்தால் 'அய்யோ' என்பாரா என்பதுதான் பரீட்சை.

நிரூபிப்பது எப்படி என்று பயப்படாதீர்கள். கொலை வழக்கு மாதிரி சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை, இரண்டு பக்கமும் சொல்வதில் எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று பார்த்தால் போதும் என்று 1975-லேயே தஸ்தானே வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்கள் அக்கா, பக்கத்து வீட்டுக்காரர், வீட்டு வேலைக்கு வந்த அம்மா யாரும் சாட்சி சொல்லலாம். தூக்கமில்லை என்று டாக்டரைப் பார்த்த ஓ.பி. சீட்டு இருந்தால் பத்திரப்படுத்துங்கள். பையனை மட்டும் கூண்டில் ஏற்றாதீர்கள், தூது போனதே அவனுக்குப் போதும்.

வழக்கை நீங்கள் இப்போது வசிக்கிற ஊர் நீதிமன்றத்திலேயே போடலாம். 2003 திருத்தம் மனைவிக்குத் தந்திருக்கிற வசதி அது. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு, நீதிமன்ற வளாகத்தில் இருக்கிற சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் கேளுங்கள். கோபத்தில் வீட்டை விட்டு வெளியே வந்துவிடாதீர்கள். 2005-ன் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி அந்த வீட்டில் இருக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது, வாயால் அவமானப்படுத்துவதும் காசை வைத்து ஆட்டி வைப்பதும் அந்தச் சட்டத்திலும் வன்முறைதான்.

வாசகர், திருப்பூர்: நான் ஒரே பையன். தனிக்குடித்தனம் போகலாம் என்று மனைவி தினமும் சண்டை. பெற்றோரிடமிருந்து பிரிக்கப் பார்த்தாலே கொடுமை, உடனே விவாகரத்து கிடைக்கும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்தது. மனு போடலாமா?

அந்த வீடியோ கர்நாடகத்திலிருந்து உச்ச நீதிமன்றத்துக்குப் போய் 2016-ல் தீர்ப்பான ஒரு வழக்கைப் பற்றியதாக இருக்கும். பெற்றோரைக் காப்பாற்றுவது மகனின் கடமை, தக்க காரணமில்லாமல் அவர்களிடமிருந்து பிரிந்து வரச் சொல்லி வற்புறுத்துவது கொடுமை என்று அதில் சொன்னார்கள், உண்மைதான். ஆனால் வீடியோ போட்டவர் மீதியை விழுங்கிவிட்டார். அந்த வழக்கில் மனைவி தற்கொலை செய்துகொள்வேன் என்று மிரட்டி, குளியலறையில் மண்ணெண்ணெயை ஊற்றிக்கொண்டும் இருக்கிறார். வீட்டு வேலைக்காரப் பெண்ணோடு கணவருக்குத் தொடர்பு என்று பொய்யாகக் குற்றம் சுமத்தியும் இருக்கிறார். எல்லாம் சேர்ந்துதான் விவாகரத்து. 'தக்க காரணமில்லாமல்' என்ற இரண்டு சொற்களையும் மறந்துவிடக் கூடாது. உங்கள் அம்மா சமையலறைச் சாவியை இடுப்பிலேயே வைத்திருப்பவர் என்றால், தனி வீடு கேட்பதற்கு நல்ல காரணம் இருக்கிறது என்றுதான் நீதிபதி நினைப்பார். நானும் அப்படித்தான் நினைப்பேன்.

உங்கள் கடிதத்தில் சண்டையைத் தவிர வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை தம்பி. இன்னொன்று, கல்யாணமாகி எட்டு மாதம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு வருஷம் ஆகாமல் விவாகரத்து மனுவே போட முடியாது, பிரிவு 14 தடுக்கிறது. அசாதாரணமான கஷ்டம் என்று காட்டினால்தான் விலக்கு. தனி வீடு கேட்பது அந்த விலக்கில் வராது. அடுத்த தெருவில் வாடகைக்கு வீடு பாருங்கள்.

வாசகி, திண்டுக்கல்: அவர் போனில் பேசுகிற பேச்சையெல்லாம் ரெக்கார்டு செய்து வைத்திருக்கிறேன். தெரியாமல் ரெக்கார்டு செய்தால் செல்லாது, என்மேலேயே கேஸ் வரும் என்கிறார்கள்.

இது கொஞ்ச நாள் குழப்பமாகத்தான் இருந்தது. 2024 அக்டோபரில் நம் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன், மனைவியின் செல்போன் அழைப்பு விவரங்களை அவருக்குத் தெரியாமல் கணவர் எடுத்து வந்து தாக்கல் செய்த வழக்கில், கணவன் மனைவிக்குள்ளும் அந்தரங்க உரிமை உண்டு, திருட்டுத்தனமாக எடுத்ததைச் சாட்சியமாக ஏற்க முடியாது என்று தீர்ப்பளித்தார். பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்றமும் அதற்கு முன்பே, மனைவிக்குத் தெரியாமல் பதிவு செய்த உரையாடலை ஏற்க மறுத்திருந்தது. அந்தப் பஞ்சாப் வழக்கு மேல்முறையீட்டில் போய், 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றிவிட்டது. கணவன் மனைவி பேசிக்கொண்டதை வெளியே சொல்லக் கூடாது என்று சாட்சியச் சட்டத்தில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது, ஆனால் அவர்களுக்குள்ளேயே வழக்கு நடக்கும்போது அந்தப் பாதுகாப்பு பொருந்தாது, ஆகவே ரகசியமாகப் பதிவு செய்த பேச்சையும் திருமண வழக்கில் தாக்கல் செய்யலாம் என்பது இப்போதைய நிலை. இப்படி வேவு பார்த்தால் குடும்பம் என்னாகும் என்று கேட்டவர்களுக்கு, வேவு பார்க்கிற நிலைமைக்கு வந்துவிட்டாலே அந்த உறவு உடைந்ததன் அறிகுறிதானே என்கிற மாதிரி பதில் சொன்னது நீதிமன்றம். எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. வீட்டுக்குள் ஒரு ஆள் எப்போதும் போனைத் திருப்பி வைத்துக்கொண்டு காத்திருப்பது எந்தப் பக்கத்துக்கும் நல்லதில்லை. ஆனால் சட்டம் இன்று உங்கள் பக்கம்.

செய்ய வேண்டியது: ரெக்கார்டு செய்த போனை விற்காதீர்கள், மாற்றாதீர்கள், ஃபேக்டரி ரீசெட் செய்யாதீர்கள். கோப்பை வெட்டி ஒட்டாமல் முழுசாக வையுங்கள். நகலைத் தாக்கல் செய்யும்போது பாரதிய சாக்ஷிய அதினியம் 63-ம் பிரிவின்படி சான்றிதழ் சேர்க்க வேண்டும் (பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி-தான் இது), அதை வக்கீல் பார்த்துக்கொள்வார். இதெல்லாம் உங்களிடம் அவர் பேசியதற்கு. அவர் வேறு யாரிடமோ பேசுவதைக் கேட்க அவர் போனில் உளவுச் செயலி ஏற்றுவது வேறு விஷயம், அந்தப் பக்கமே போகாதீர்கள்.

வாசகி, கடலூர்: இரண்டு வருஷம் அடி வாங்கி, அம்மா வீட்டுக்கு வந்து, பெரியவர்கள் பஞ்சாயத்து பேசி, திரும்பப் போய் ஆறு மாதம் சேர்ந்து வாழ்ந்தேன். இப்போது மறுபடி ஆரம்பித்துவிட்டார். சேர்ந்து வாழ்ந்ததால் பழையது எல்லாம் செல்லாது, மன்னித்துவிட்டதாகத்தான் அர்த்தம் என்று அவருடைய மாமா சொல்கிறார்.

மாமா பாதி சட்டம் படித்திருக்கிறார். பிரிவு 23-ல், கொடுமையை மன்னித்து ஏற்றுக்கொண்டிருந்தால் விவாகரத்து இல்லை என்று இருக்கிறது. மேலே சொன்ன தஸ்தானே வழக்கே அப்படித்தான் முடிந்தது. அந்த மனைவி கைக்குழந்தையின் நாக்கில் மிளகாய்ப் பொடி தடவினார், வீட்டைக் கொளுத்துவேன் என்றார், இது கொடுமைதான் என்று நீதிமன்றமே ஒப்புக்கொண்டது. இருந்தும் அதற்குப் பிறகு இருவரும் தாம்பத்தியம் நடத்தி இன்னொரு குழந்தையும் உண்டானதால் கணவர் மன்னித்துவிட்டார் என்று சொல்லி, கேட்டதைக் கொடுக்கவில்லை.

மாமா படிக்காத பாதி இது: மன்னிப்பு என்பது 'இனி ஒழுங்காக இருப்பார்' என்ற நிபந்தனையோடு வருவது. மறுபடி தவறு நடந்தால் பழையதெல்லாம் உயிர் பெற்று எழுந்துவிடும் என்று அதே தீர்ப்பு சொல்கிறது. முன்பு நடந்த அதே தவறாகத்தான் இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. தஸ்தானே வழக்கில் அப்படிப் பிறகு எதுவும் நடந்ததாக நிரூபிக்க முடியவில்லை, அதனால் தோற்றது. உங்கள் விஷயத்தில் நடந்திருக்கிறது. அதனால் மனுவில் இந்த ஆறு மாதத்தை மறைக்காதீர்கள். எதிர்த்தரப்பு எப்படியும் அதைத்தான் முதலில் குறுக்கு விசாரணையில் எடுப்பார்கள். யார் பேசி, என்ன வாக்குறுதி கொடுத்து உங்களை அனுப்பினார்கள், எப்போது அது உடைந்தது என்று நீங்களே எழுதிவிடுங்கள். வாக்குறுதியை எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தால், அல்லது மகளிர் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்திருந்தால், அதைவிட நல்ல ஆவணம் இல்லை. இனி அடி விழுந்தால் அன்றே அரசு ஆஸ்பத்திரி. இரவானால் பெண்கள் உதவி எண் 181-க்குக் கூப்பிடுங்கள். வழக்கு பிறகு, உயிர் முதலில்.

வாசகர், சேலம்: மனைவி என்மேல் கொடுமை என்று வழக்குப் போட்டிருக்கிறாள். பதில் மனுவில் 'அவளுக்கு ஆபீஸில் ஒருவனோடு தொடர்பு' என்று போடலாம், பயந்து வாபஸ் வாங்குவாள் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். ஆதாரம் இல்லை, சந்தேகம் இருக்கிறது.

போட்டால், உங்கள் மனைவி இதுவரை நிரூபிக்க முடியாமல் இருந்த கொடுமையை நீங்களே கையெழுத்துப் போட்டு நிரூபித்துக் கொடுத்ததாகிவிடும்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பதில் மனுவில் மனைவியின் ஒழுக்கத்தைப் பற்றிக் கேவலமாக எழுதுவதே தனியாகக் கொடுமை என்று 2003-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்தக் கணவர் பிறகு திருத்த மனு போட்டு அந்த வரிகளை நீக்கியும் பார்த்தார், பலிக்கவில்லை. எழுதினது எழுதினதுதான் என்றார்கள். இது இரண்டு பக்கத்துக்கும் பொருந்தும். 1994-ல் ஒரு வழக்கில், கணவருக்கும் அவர் குடும்பத்துக்குமே மனநோய் என்று மனைவி பதில் மனுவில் எழுதியதால் கணவருக்கு விவாகரத்து கிடைத்தது. வேலை பார்க்கிற இடத்துக்குப் புகார்க் கடிதம் எழுதி வேலைக்கு உலை வைப்பதும் இதே கணக்குதான், ராணுவ அதிகாரி ஒருவரின் வழக்கில் 2021-ல் அப்படித் தீர்ப்பு வந்தது.

அவர் உங்கள்மேல் 498ஏ என்ற கிரிமினல் கொடுமைப் புகார் (2024 ஜூலையிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 85) கொடுத்திருப்பதாகவும், விடுதலையானால் அதுவே பொய்ப் புகார் என்று ஆகிவிடும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். தானாக ஆகாது. சாட்சி போதாமல் விடுதலை ஆவது வேறு, புகார் அப்பட்டமான பொய் என்று தெரிய வருவது வேறு. பின்னதுதான் உங்களுக்கு உதவும்.

கொஞ்சம் சின்னக் கேள்விகள்

*தாலியைக் கழற்றி வைத்தாலே மனைவி கொடுமை செய்ததாக ஆகிவிடுமா?* 2022-ல் சென்னை உயர் நீதிமன்றம் அப்படிச் சொன்னதாகத் தலைப்பு வந்ததைப் படித்திருப்பீர்கள். தாலியைக் கழற்றியது மட்டுமே திருமணத்தை முடிக்கப் போதும் என்று தாங்கள் சொல்லவில்லை என்று அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. கணவர் வேலை பார்த்த கல்லூரிக்கே போய், எல்லோர் முன்பும் அவரைப் பெண்களோடு சேர்த்துப் பேசியதுதான் அங்கே கனமான விஷயம்.

*எங்களுடையது சுயமரியாதைத் திருமணம், ஐயர் இல்லை, அக்னி இல்லை. இந்தச் சட்டம் பொருந்துமா?* பொருந்தும். அண்ணா முதல்வராக இருந்தபோது 1967-ல் இந்தச் சட்டத்தில் செய்த திருத்தம்தான் 7ஏ பிரிவு. மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டாலும் தாலி கட்டினாலும் அது முழுத் திருமணம். விவாகரத்துக்கும் அதே 13-ம் பிரிவுதான்.

*மனைவி கொடுமை செய்தார் என்று நிரூபணமானால் அவருக்கு ஜீவனாம்சம் கிடையாதா?* அப்படித் தானாக எதுவும் போகாது. பிரிவு 25-ன்படி இருவரின் வருமானம், சொத்து, நடத்தை எல்லாம் பார்ப்பார்கள். வழக்கு நடக்கும்போதே இடைக்காலத் தொகை கேட்கலாம், 24-ம் பிரிவில் கணவனும் கேட்கலாம். 2020-க்குப் பிறகு இரண்டு பேரும் வரவு, செலவு, சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகப் போட வேண்டும். சம்பளத்தைக் குறைத்துச் சொல்பவர்கள் மாட்டிக்கொள்வது அங்கேதான்.

வாசகி, திருநெல்வேலி: கொடுமை என்று மனு போட்டு நாலு வருஷம். வாய்தா, வாய்தா. இப்போது அவரே 'மியூச்சுவலாகப் போய்விடலாம்' என்கிறார். கேஸை விட்டுக்கொடுத்தால் நான் சொன்னதெல்லாம் பொய் என்று ஆகிவிடாதா?

ஆகாது. நடக்கிற வழக்கையே பிரிவு 13பி-யின் கீழ் மனமொத்த விவாகரத்தாக மாற்றிக்கொள்ளலாம், அதில் யார்மீதும் யாரும் குற்றம் சொல்வதில்லை. ஆறு மாதம் காத்திருக்க வேண்டுமே என்று யோசிக்காதீர்கள், நீண்ட காலம் பிரிந்திருந்து, சமரசத்துக்கும் வழியில்லை, பணம், குழந்தை எல்லாம் பேசி முடித்தாயிற்று என்றால் அந்தக் காத்திருப்பைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நாலு வருஷம் பிரிந்திருக்கும் உங்களுக்கு அது தாராளமாகப் பொருந்தும்.

'யார் தப்பு' என்று ஒரு தீர்ப்பு எழுதிக் கையில் தர வேண்டும் என்ற ஆசை எனக்குப் புரிகிறது, சில பேருக்கு அது உண்மையிலேயே தேவையாகவும் இருக்கிறது. அதற்காக இன்னும் நாலு வருஷமும் அப்பீலும் தாங்குமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும், உங்கள் அண்ணன் இல்லை. ஒத்துக்கொள்வதாக இருந்தால் நகை, சீர்ப் பொருட்கள், தொகை எவ்வளவு, எந்தத் தேதிக்குள், பிள்ளை யாரிடம், யார் எந்த நாளில் பார்ப்பது என்பதை ஒப்பந்தத்திலேயே வரிவரியாக எழுதச் சொல்லுங்கள். பணத்தைக் கடைசிக் கையெழுத்துக்கு முன்பே டிடியாகவோ வங்கி மூலமோ வாங்குங்கள். 'அப்புறம் தருகிறேன்' என்று வாயால் சொல்வதை நம்பிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, பிறகு வசூலுக்கு நிறைவேற்று மனு போட்டு அலைகிறவர்களை ஒவ்வொரு வாரமும் கோர்ட்டு வராந்தாவில் பார்க்கிறேன்.